இருமினால் கசிவு, நடுராத்திரி வேர்வை: மருந்துக்கடையில் எது காசுக்குத் தகும்?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு மருந்துக்கடையில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் தயங்கித் தயங்கி, "தும்முனா லேசா ஒன்னுக்கு வந்துடுது தம்பி, அதுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டால் கைக்கு வருவது இரண்டே பொருள். ஒன்று, மாதவிலக்கு நாப்கினில் ஆகப் பெரிய சைஸ். மற்றது, படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்குப் போடும் டயப்பர். பெரும்பாலானவர்கள் கேட்கவே மாட்டார்கள். மகளுக்கு என்று சொல்லி நாப்கினை வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். அதே கடையில், "உடம்பு குப்புன்னு சுட்டு வேர்த்துக் கொட்டுது" என்றால், மேல் தட்டிலிருந்து ஒரு கேப்ஸ்யூல் பெட்டி இறங்கும். இந்த மூன்றில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது, கடையில் இல்லாத எது உண்மையில் வேலை செய்யும் என்பதுதான் இந்த மதிப்புரை.

வாங்கும் முன் எந்தக் கசிவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இருமல், தும்மல், வாய்விட்டுச் சிரிப்பது, குடம் தூக்குவது, டவுன் பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறுவது, இதிலெல்லாம் சொட்டாகவோ ஒரு ஸ்பூன் அளவோ வந்தால் அது அழுத்தக் கசிவு. பிரசவங்களில் இழுபட்ட இடுப்புத் தளத் தசையும், மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து மெலிந்துபோன சிறுநீர்க் குழாயின் உட்சுவரும் சேர்ந்து, வயிற்றிலிருந்து வரும் திடீர் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் விட்டுக்கொடுக்கின்றன. "வருது" என்று தோன்றி எழுந்து கொல்லைக் கதவைத் திறப்பதற்குள் மொத்தமாக வந்துவிட்டால் அது வேறு. அங்கே சிறுநீர்ப்பை கேட்காமல் தானே சுருங்குகிறது. அதை அவசரக் கசிவு என்பார்கள். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் சகஜம். எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் இருந்தால் கடைக்குப் போக வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

நாப்கின், பேட்: உப்புத் தண்ணீர் சோதனை

மாதவிலக்கு ரத்தம் கெட்டியானது, மெதுவாக வருவது. சிறுநீர் நீர்த்தது, ஒரு தும்மலில் ஒரே பாய்ச்சலாக வருவது. நாப்கினின் மேல் விரிப்பு முதல் வகைக்காகச் செய்யப்பட்டது. அதனால்தான் பேட் முக்கால்வாசி காய்ந்திருக்கும்போதே ஓரமாக வழிந்து உள்பாவாடை நனைகிறது. பெரிய சைஸ் வாங்கினால் நீளம்தான் கூடுகிறது, உறிஞ்சும் வேகம் கூடுவதில்லை.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். இருமல் சிரப்போடு வரும் அளவு மூடி ஒன்று போதும். 100 மில்லி தண்ணீரில் 1 கிராம் அளவுக்கு உப்பு, அதாவது ஒரு நல்ல சிட்டிகை, கரைத்துக்கொள்ளுங்கள். உப்பு கட்டாயம். பேடுக்குள் இருக்கும் ஜெல் தூள் வெறும் தண்ணீரை அசுரத்தனமாகக் குடிக்கும், உப்பு சேர்ந்தால் குடிக்கும் அளவு பல மடங்கு இறங்கிவிடும். சிறுநீரும் உப்பு நீர்தான். பேடை லேசாகச் சாய்த்த தட்டில் வைத்து, நடுவில் 10 மில்லியை இரண்டு விநாடிக்குள் கவிழ்க்கவும். ஓரத்துக்கு ஓடுகிறதா, நின்ற இடத்திலேயே இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் விட்டு, நாலாக மடித்த வெள்ளைத் துணியை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். துணி நனைந்தால், அந்த ஈரம் நாள் முழுக்கத் தோலில் இருக்கும் என்று அர்த்தம். அப்புறம் அதே இடத்தில் இன்னொரு 10 மில்லி ஊற்றுங்கள்.

வலை போன்ற மேல் விரிப்புள்ள மெல்லிய நாப்கினில் முதல் ஊற்றலிலேயே ஒரு கோடு ஓரத்துக்கு ஓடும், மீதி மெதுவாக உள்ளே போகும். போனபின் அழுத்தினால் அவ்வளவாகத் திரும்பி வராது, ஜெல் பிடித்து வைத்துக்கொள்ளும். பஞ்சு போல உப்பியிருக்கும் மலிவு வகை நேர்மாறு. சட்டென்று குடிக்கும், அழுத்தினால் அவ்வளவையும் துணியில் கக்கும். உட்கார்ந்தாலே நனைவதற்கு அதுதான் காரணம். மக்கள் மருந்தகத்தில் ஒன்று 1 ரூபாய்க்குத் தரும் சுவிதா நாப்கினும் மாதவிலக்குக்கானதுதான். விலைக்கு அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீர்க் கசிவுக்கென்றே செய்த பேட், மேலே வேகமாக உறிஞ்சும் ஓர் அடுக்கும் கீழே கூடுதல் ஜெல்லும் உள்ளது. இரண்டாவது ஊற்றலில்தான் அதற்கும் நாப்கினுக்கும் உள்ள தூரம் தெரியும். நம் ஊர்க் கடைத் தட்டில் இது அரிது. பெரிய மருந்துக்கடையில் முன்கூட்டிச் சொல்லி வரவழைக்கலாம், அல்லது இணையத்தில் வாங்கலாம். வாங்கும்போது உறையில் சிறுநீர்க் கசிவுக்கானது என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பூப் படமும் சிரிக்கும் முகமும் எல்லா உறையிலும் உண்டு.

எந்தத் தடிமன் வாங்குவது என்பதற்கு எடைத் தராசு பதில் சொல்லும். காய்ந்த பேடின் எடையைக் குறித்துக்கொண்டு, ஒரு நாள் போட்டதையெல்லாம் மூடிய கவரில் சேர்த்து எடைபோட்டுக் கழித்தால் வருவதே கசிவு. ஒரு கிராம் என்பது ஒரு மில்லி. நாள் முழுக்க 20 கிராமுக்குள் என்றால் லேசானது, மெல்லிய பேட் போதும். 75 கிராமைத் தாண்டினால் பேடை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டிய அளவு அது. இந்த எண்ணை எழுதி வைத்தால் மூன்று மாதம் கழித்து குறைந்திருக்கிறதா என்பதற்கும் கணக்கு இருக்கும்.

பேட் விற்கும் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு. பேடின் முதுகில் பசை இருக்கிறது, அது ஒட்டுவதற்கு ஜட்டி வேண்டும். டெல்டா கிராமங்களில் ஐம்பதைத் தாண்டிய பல பெண்களுக்குச் சேலை, உள்பாவாடையோடு சரி. அவர்கள் காலங்காலமாகச் செய்வது பழைய பருத்திச் சேலைத் துணியை மடித்து வைப்பது. அதைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. மெல்லிய கசிவுக்கு ஏழெட்டு மடிப்புத் துணி வேலை செய்யும். ஆனால் துணி ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் தொடை இடுக்கு வெந்து புண்ணாகும். துவைத்ததை வெயிலில் விரித்துக் காயப்போட வேண்டும், கதவு மறைவில் சுருட்டிக் காயப்போட்டால் பூஞ்சை பிடிக்கும். பேட்தான் வேண்டும் என்றால் கவட்டை இறுக்கமாக இருக்கும் பருத்தி ஜட்டி நாலு வாங்குவது முதல் செலவு. தொளதொள ஜட்டியில் எவ்வளவு விலை உயர்ந்த பேடும் விலகி ஒழுகும். நடவுக்குப் போகிறவர்களுக்குப் பேட் சரிவராது. வயல் தண்ணீர் தெறித்தால் ஜெல் அதையே குடித்து ஊதிக் கனத்துவிடும்.

போட்டதைக் கழிப்பறையில் போடாதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். ஜெல் ஊதிக் குழாயை அடைத்துவிடும். மடித்து, தாளில் சுற்றி, குப்பை வண்டிக்குத் தனியாகக் கொடுப்பதுதான் சரி.

டயப்பர்

ஃப்ரெண்ட்ஸ், லைஃப்ரீ, டிக்னிட்டி என்று சிற்றூர்க் கடைகளிலும் இன்று கிடைக்கிறது. ஜட்டி போல ஏற்றிப் போடும் வகை ஒன்று சுமார் 30 முதல் 60 ரூபாய். சொட்டுக் கசிவுக்கு இதைப் போடுவது வீண். நூற்றுக்கணக்கான மில்லி தாங்குவதற்காகச் செய்த பொருள், அதற்கேற்ற பிளாஸ்டிக் அடுக்கும் இருக்கும். சித்திரை வைகாசியில் ஏற்கெனவே குப்பென்று வேர்க்கும் உடம்பில் இதை மாட்டினால் வேர்க்குருவும் தொடை இடுக்கில் படர்தாமரையும் வருவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். சென்னைக்கு ராத்திரிப் பஸ், அவசரக் கசிவு உள்ளவர், அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில நாள், இந்த மூன்றுக்கு மட்டும் ஒரு சிறிய பாக்கெட் வீட்டில் இருக்கலாம்.

இதில் ஒழுகுவதற்கு முக்கால்வாசிக் காரணம் போடும் விதம். கால் ஓரத்தில் உள்பக்கமாக ஒரு கொசுவ மடிப்பு நிற்கும். போட்டபின் விரலை விட்டு அதைச் சுற்றி வெளியே நிமிர்த்த வேண்டும். அது மடங்கிக் கிடந்தால் அணை உடைந்த மாதிரிதான். சைஸை உடம்பு எடையைச் சொல்லி வாங்காதீர்கள், இடுப்புச் சுற்றளவை டேப்பில் அளந்து சொல்லுங்கள்.

துவைத்துப் போடும் கசிவு ஜட்டி

இதுதான் எங்கள் தேர்வு, ஒரு நிபந்தனையோடு. உள்ளே பருத்தி, நடுவே உறிஞ்சும் அடுக்கு, வெளியே நீர் புகாத மெல்லிய பூச்சு என்று தைத்த ஜட்டி, ஒன்று சுமார் 300 முதல் 700 ரூபாய். லேசான கசிவுக்கு நன்றாகத் தாங்குகிறது, பார்க்க ஜட்டி போலவே இருக்கும், கொடியில் காயப்போடக் கூச்சமில்லை. பேட் செலவோடு ஒப்பிட்டால் சில மாதத்தில் போட்ட காசு தேறிவிடும்.

கெடுப்பதெல்லாம் துவைப்பில்தான். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, குறைந்த சோப்புத் தூளில் கையால் கசக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது, அது நூலின் மேல் மெழுகு போலப் படிந்து உறிஞ்சுவதையே நிறுத்திவிடும். கொதி தண்ணீர், இஸ்திரி இரண்டும் வெளிப் பூச்சை உரித்துவிடும். முறுக்கிப் பிழியாமல் அழுத்திப் பிழியுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடுகளில் துணி சீக்கிரம் விறைக்கும், கடைசி அலசலையாவது குடிதண்ணீரில் செய்யுங்கள். துவைத்த பின்னும் மூத்திர வாடை இருந்தால் சோப்பு தங்கிவிட்டது என்று பொருள். ஒரு பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் போகும்.

நிபந்தனை ஐப்பசி, கார்த்திகை. அடைமழையில் இந்தத் தடித்த கவட்டைப் பகுதி ஒரே நாளில் காயாது. அரை ஈரத்தோடு போட்டால் அரிப்பு. நாலு ஜட்டி வாங்க முடியாவிட்டால் மழைக்காலத்துக்கு ஒரு பாக்கெட் பேட் கைவசம் வேண்டும்.

காசில்லாத சிகிச்சை, காசு பிடுங்கும் கருவிகள்

பேடும் ஜட்டியும் நனைவதை மறைக்கும். கசிவைக் குறைப்பது இடுப்புத் தளப் பயிற்சி. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-இல் எழுதியதால் அவர் பெயராலேயே பலருக்குத் தெரியும். அழுத்தக் கசிவுக்கு முதல் சிகிச்சை இன்றும் இதுதான், குறைந்தது மூன்று மாதம். பலன் இல்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் தப்பான தசையை இறுக்கியவர்கள், அல்லது மூன்றாம் வாரத்தில் விட்டவர்கள்.

தசையைக் கண்டுபிடிக்க முதலில் படுத்துக்கொள்ளுங்கள், முழங்கால் மடங்கியிருக்கட்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயை உள்ளே இழுங்கள். அந்த இழுப்பை விடாமல் முன்பக்கம் சிறுநீரை அடக்குவது போலக் கொண்டுவாருங்கள். சுருங்கி மேலே ஏறுவது போல உணர்வு வர வேண்டும். சுத்தமான விரல் ஒன்றைப் பிறப்புறுப்புக்குள் வைத்துப் பார்த்தால் விரலைச் சுற்றி இறுகி உள்ளே இழுப்பது தெரியும். விரல் வெளியே தள்ளப்பட்டால் நீங்கள் முக்குகிறீர்கள், அது கசிவை அதிகமாக்கும். புட்டம் இறுகக் கூடாது, தொடை ஒட்டக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. மூச்சு நின்றிருக்கிறதா என்று தெரிய வாய்விட்டு எண்ணுங்கள், அது எளிய வழி.

ஒரு தடவைக்கு, முடிந்தவரை இறுக்கிப் பிடித்து மெதுவாக விடுவது எட்டு முதல் பத்து. தொடக்கத்தில் மூன்று விநாடி பிடித்தால் போதும், வாரவாரமாகப் பத்து விநாடிக்குக் கொண்டுபோகலாம். பிடித்த நேரம் அளவுக்கு ஓய்வும் வேண்டும், ஓய்வில்லாமல் செய்தால் தசை களைத்து அடுத்த இறுக்கம் பொய்யாகிவிடும். அதன்பின் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது பத்து. இப்படிக் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளை. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, கடைசியில் நின்று. கசிவது நிற்கும்போதுதான் என்பதால் நின்று செய்யும் கட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகச் சொல்வார்கள். வேண்டாம், சிறுநீர் முழுக்க வெளியேறாமல் தங்கும்.

இத்தோடு ஒரு சூட்சுமம் உண்டு. இருமல் வருகிறது என்று தெரிந்த கணமே, இருமுவதற்கு முன் இறுக்கிவிடுங்கள். குடத்தைத் தூக்கும் முன், நெல் மூட்டைக்குக் கைகொடுக்கும் முன், தும்மலுக்கு மூக்கு சுருங்கும்போதே. பயிற்சியின் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இது பழகிய சில நாளிலேயே கைகொடுக்கும்.

இனி கருவிகள். கீகல் எக்சர்சைசர் என்ற பெயரில் இணையத்தில் குவிந்து கிடக்கும், இரண்டு தொடைக்கு நடுவில் வைத்து நெருக்கும் ஸ்பிரிங் கருவியை வாங்காதீர்கள். அது உள்தொடைத் தசைக்கான பயிற்சி. தொடை உறுதியாகும், கசிவு அப்படியே இருக்கும். உள்ளே வைத்து மொபைலில் கோடு காட்டும் கருவிகள் விலை அதிகம். தசை இயக்கத்தைத் திரையில் காட்டும் கருவியோடு பயின்ற பெண்களையும், வெறுமனே பயின்ற பெண்களையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. 600 பெண்கள் பங்கேற்ற அதில், இரண்டு ஆண்டு முடிவில் கருவியால் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்தக் காசுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு மூன்று தடவை போய், சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று உறுதி செய்துகொள்வது மேல். போகும் முன், இடுப்புத் தளப் பயிற்சி சொல்லித் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். எல்லா பிசியோ கிளினிக்கிலும் மூட்டுவலிக்குத்தான் கூட்டம்.

அடியிறக்கமும் கூட இருந்தால், அதாவது கீழே ஏதோ இறங்கி இடிப்பது போல இருந்தால், சிலிகான் வளையம் ஒன்றை டாக்டர் அளவு பார்த்து வைப்பார். கடையில் சைஸ் சொல்லி வாங்கும் பொருள் இல்லை. வைத்தபின் சிறுநீர் தாராளமாகப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வப்போது எடுத்துக் கழுவிப் புண் பார்க்க வேண்டும். வைத்ததையே மறந்து வருடக்கணக்கில் விட்டவர்களுக்கு உள்சுவரில் புண் வந்திருக்கிறது.

கசிவைக் கூட்டும் சில சில்லறை விஷயங்கள் அலமாரியிலேயே இருக்கும். பிரஷர் மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று "ப்ரில்" என்று பெயர் முடிந்தால், அது சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். இருமல் இருக்கும்வரை கசிவும் இருக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். சுகாதார நிலையத்திலோ, மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவருபவரிடமோ சொன்னால், டாக்டர் "சார்ட்டான்" என்று முடியும் வேறு வகைக்கு மாற்ற முடியும். மலச்சிக்கலும் தினம் தினம் முக்குவதும் பயிற்சியில் சேர்த்ததைக் கரைத்துவிடும். உடல் எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பு தனி மருந்து போல. அமெரிக்காவில் 2009-இல் வந்த ஆய்வில் எடையில் சராசரி 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு வாரத்தில் கசியும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சிறுநீர் அளவே கூடும், எந்தப் பேடும் தாங்காது. கசிகிறதே என்று தண்ணீரைக் குறைப்பது ஆபத்து. கெட்டியான சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும், கிருமித் தொற்றுக்கும் வழிவிடும்.

கும்பகோணம் டிகிரி காபியைப் பற்றி வாயைத் திறந்தால் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். காஃபின் அவசரத்தைக் கூட்டும், சூடான எந்தப் பானமும் குப்பென்ற வேர்வையைக் கிளப்பிவிடக் கூடும். நாலு டம்ளரை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். வாரத்துக்கு ஒரு டம்ளராகக் குறைத்து இரண்டில் நிறுத்துங்கள். சிக்கரியில் காஃபின் கிடையாது, பொடிக் கடையில் சிக்கரி கூட்டி அரைக்கச் சொன்னால் அதுவும் ஒரு குறைப்புதான். ருசிக்கு நாங்கள் பொறுப்பில்லை.

குப்பென்ற சூடும் கேப்ஸ்யூல் பெட்டியும்

நம் நாட்டில் மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதி தொட்டாற்சுருங்கியாகிவிடுகிறது. சிறிய சூட்டுக்கே அபாயம் என்று எடுத்துக்கொண்டு தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும். நெஞ்சு, கழுத்து, முகம் கனன்று, சில நிமிடம் வேர்த்து, பின் குளிரும். பல பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்த அமெரிக்க ஆய்வில் இது நீடித்த காலத்தின் இடைநிலை 7.4 ஆண்டு. ஆறு மாதத்தில் போய்விடும் என்று சொல்லிக் கேப்ஸ்யூல் விற்பவரை நம்பாதீர்கள்.

அந்தப் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் சோயா ஐசோஃபிளேவோன், ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய், பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை இவற்றில் ஒன்று அல்லது கலவை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில் இவை எதையும் இந்த வேர்வைக்குப் பரிந்துரைக்கவில்லை. பிளாக் கோஹோஷ் அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. முதல் மாதம் குறைந்தது போலத் தோன்றும், வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களுக்கும் இந்த வேர்வை ஓரளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதாமாதம் இதற்குக் கொடுக்கும் காசு எங்கள் கணக்கில் தண்டம். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியமும் அப்படித்தான், அதில் சர்க்கரையோ வெல்லமோ வேறு சேர்கிறது.

குளிர்விக்கும் சாமான்கள் வேர்வை வரும் தடவைகளைக் குறைக்காது, வந்ததைத் தாங்க உதவும், அவ்வளவே. அந்த அளவில் சார்ஜ் ஏற்றும் சிறிய மின்விசிறி நல்ல பொருள், கரண்ட் போனாலும் ஓடும். ஏர் கூலர் வாங்குவதற்கு முன் யோசியுங்கள். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. திருச்சி பக்கத்து வறண்ட கோடையில் ஓரளவு எடுபடும். நாகை, வேதாரண்யம், காரைக்கால் கடலோரப் புழுக்கத்தில் அறையை இன்னும் கசகசப்பாக்கும், வேர்வை ஆறவே ஆறாது. ஸ்பான்ஞ் மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும், அதன்மேல் ஒரு கோரைப்பாயை விரித்துப் படுத்தாலே முதுகு ஆறும். பாலியஸ்டர் சேலை, நைட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பருத்திக்கு மாறுங்கள்.

ராத்திரி தூக்கம் கெட்டு வேலை பார்க்க முடியாத அளவுக்கு இருந்தால் மருந்து உண்டு, கடையில் கேட்டு வாங்குவதில்லை, டாக்டர் சீட்டில். ஆக வலுவானது ஹார்மோன் சிகிச்சை, அதாவது குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுப்பது. வேர்வை வரும் தடவைகளை ஏறக்குறைய முக்கால் பங்கு குறைக்கிறது. 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்கு நன்மை பொதுவாகக் கூடுதல். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்டரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர வேண்டும், இல்லாவிட்டால் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு வழியாகும். மார்பகப் புற்றுநோய், காலில் ரத்தக் கட்டி, பக்கவாதம், கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு இது ஆகாது. தோலில் தடவும் ஜெல் வடிவில் ரத்தக் கட்டி அபாயம் மாத்திரையைவிடக் குறைவு.

இரண்டு தொல்லையும் சேர்ந்திருப்பவர் கவனிக்க வேண்டிய முடிச்சு இங்கேதான். வாய்வழி ஹார்மோன் மாத்திரை வேர்வையை அடக்கும், ஆனால் அழுத்தக் கசிவைக் கூட்டக் கூடும். அமெரிக்காவில் நடந்த மிகப் பெரிய ஹார்மோன் ஆய்வில் அப்படித்தான் தெரிந்தது. எனவே, "வேர்க்குது" என்று மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, கசிவை வெட்கத்தில் விழுங்கிவிடாதீர்கள். ஹார்மோன் ஆகாதவர்களுக்கு வென்லாஃபாக்சின், பராக்ஸெட்டின், கேபாபென்டின் குறைந்த அளவில் உதவும். மார்பகப் புற்றுநோய்க்கு டாமோக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்கள் பராக்ஸெட்டினைத் தவிர்க்க வேண்டும், அது டாமோக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கும். கேபாபென்டின் தூக்கம் தரும், ராத்திரி வேர்வைக்காரர்களுக்கு அதுவே அனுகூலம். அவசரக் கசிவும் வேர்வையும் உள்ளவருக்கு ஆக்ஸிபியூட்டினின் என்ற ஒரே மருந்து இரண்டையும் குறைக்கும். பக்கவிளைவு வாய் வறட்சி, மலச்சிக்கல். வயதானவர்களுக்கு நினைவு மங்குவதும் உண்டு.

எல்லா வேர்வையும் இந்த வேர்வை இல்லை. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் சர்க்கரை நோயாளிக்குக் கை நடுங்கி, பசித்து, வேர்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரைத் தண்ணீர்தான் அப்போதைய மருந்து. எடை இறங்கி, சாயங்காலக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்த ராத்திரி வேர்வைக்குக் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். படபடப்பும் கை நடுக்கமும் எப்போதும் இருந்தால் தைராய்டு.

எஸ்ட்ரியால் கிரீம்

இது ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் கலந்த கிரீம். டாக்டர் எழுதிக்கொடுக்கும் பொருட்களில் அதிகம் வீணடிக்கப்படுவது இதுதான். பிறப்புறுப்பின் உள்ளே வைக்க வேண்டிய கிரீமை அரிப்புக் களிம்பு போல வெளியே தடவிவிட்டு, கேட்கவில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள். கூட வரும் குழலில் அளவுக் கோடு வரை நிரப்பி, படுக்கப் போகும்போது மல்லாந்து உள்ளே செலுத்த வேண்டும். வழக்கமான முறை, முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். வறட்சி, எரிச்சல், அவசரம், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று இவற்றில் நல்ல பலன். அழுத்தக் கசிவுக்குப் பலன் கொஞ்சம்தான், பயிற்சிக்குத் துணை என்று எடுத்துக்கொள்ளலாம். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகும், நிறுத்தினால் வறட்சி திரும்பும். ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அந்த டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வேர்வைக்கு இந்தக் கிரீம் ஒன்றும் செய்யாது.

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் பேட் எடைக் கணக்கு இறங்கவில்லை என்றாலோ, மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலோ மகளிர் மருத்துவரிடம் போய்விடுங்கள். தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனை, மற்ற ஊர்களில் அரசுத் தலைமை மருத்துவமனையின் மகளிர் பிரிவு. மூன்று நாள் எப்போதெல்லாம் சிறுநீர் போனீர்கள், எப்போது, எதனால் கசிந்தது, என்ன குடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், சாப்பிடும் மாத்திரைப் பட்டைகளையும் எடுத்துப் போங்கள். வரிசையில் நிற்கும்போது அடக்க முடிந்தால் சிறுநீர் போய்விட்டு உள்ளே நுழையாதீர்கள். டாக்டர் படுக்கவைத்து இருமச் சொல்லிப் பார்ப்பது பை நிறைந்திருந்தால்தான் பலிக்கும். காலியாகப் போனால் ஒன்றும் கசியாது, ஒன்றுமில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.